தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண் நாலு வேண்டும், காது ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது டிரைவர் தானாகவே வகுத்துக்கொண்ட சட்டம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை மீறியதில்லை. முன் இருக்கைகளில் வரும் வாத்தியார்கள் யாருக்கு யாரோடு ஆகாது, எவன் மகனுக்கு எப்படி மார்க்கு விழுந்தது என்று வாய் வலிக்கப் பேசிக்கொண்டு வருவார்கள். ஸ்டியரிங் பிடித்திருக்கும் மனுஷனுக்கும் தலையின் இரண்டு பக்கமும் ஏதோ முளைத்திருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எல்லோரும் அவரை ‘டிரைவர் அண்ணே’ என்பார்கள். ஒர்க்‌ஷாப் சார் மட்டும் ‘என்னப்பா டிரைவர்’ என்பார். வயதில் சின்னவர்தான், ஆனால் அந்த வாய்க்கு யார் பூட்டுப் போடுவது?

அந்த ஒர்க்‌ஷாப் சாரிடம்தான் டிரைவரின் மகள் படித்தாள். வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். காலையில் பல் விளக்கத் திறந்த வாய் ராத்திரி தூங்கும்போதுதான் மூடும். பள்ளியின் தொழிற்பிரிவில் அவளுக்குக் கடைசி வருஷம். அந்தப் பிரிவில் பெண்கள் மூன்றே பேர்.

வருஷக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். அவர் கண் முன்னால் ஒவ்வொருவரும் ஓர் இரும்புத் தண்டை லேத் மெஷினில் மாட்டி, சொன்ன அளவுக்குக் கடைந்து காட்ட வேண்டும். காட்டினால் கப்பல் பட்டறையில் பயிற்சி வேலை. காட்டாவிட்டால் படித்ததெல்லாம் காற்றோடு போச்சு. சில்வண்டு அந்தக் கப்பல் பட்டறையைப் பற்றி எட்டாம் வகுப்பிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். வீட்டுச் சுவருக்கே அது மனப்பாடம்.

ஆனால் தொட விட்டால்தானே கடைவதற்கு! பையன்கள் மெஷினில் நிற்பார்கள். பெண்கள் மூவரும் கீழே விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ள வேண்டும், எண்ணெய் துடைக்க வேண்டும், பையன்கள் கடைந்த பொருளுக்குப் படம் வரைய வேண்டும். கேட்டதற்கு, “முடி நீளமா இருக்கு. மெஷின்ல மாட்டிக்கிட்டா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் சார்.

அன்றைக்குச் சாயங்காலமே சில்வண்டு கத்தரிக்கோலை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். “வெட்டினப்புறம் அழக் கூடாது” என்று சொல்லிவிட்டு வெட்டினாள். வெட்டியவள்தான் அழுதாள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் சார் அந்தக் கட்டைத் தலையை ஏற இறங்கப் பார்த்தார். “முடி போயிடுச்சு, சரி. புத்தி வந்துச்சா? நாளைக்குக் கல்யாணமாகிப் போறவளுக்கு லேத் எதுக்கு? ஒரு பையன் கத்துக்கிட்டாலாவது ஒரு குடும்பம் பிழைக்கும்” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அதே கதையை மறுபடி பஸ்ஸில், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கணக்கு வாத்தியாரிடமும் சொல்லிச் சிரித்தார். முடியை வெட்டிக்கொண்டு வந்தவள் யார் மகள் என்று தெரிந்தேதான் சொன்னார். டிரைவர் கியரை மாற்றினார். அவருக்குத்தான் காது கிடையாதே.

வருஷத் தொடக்கத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் பள்ளிக்கு வந்து மைக்கில் பேசியிருந்தார். பெண் என்பதற்காகவோ பையன் என்பதற்காகவோ ஒரு படிப்பை மறுத்தால் அது குற்றம், அதை உங்களுக்குப் பிடித்த எந்த டீச்சரிடமும் சொல்லலாம், பள்ளியில் இதற்கென்றே இருக்கும் புகார் டீச்சரிடம் சொல்லலாம், பள்ளிக்குள் யாரிடமும் சொல்லாமல் நேரே எங்களிடமே வரலாம், வாயால் சொன்னாலே போதும், சொன்னதற்காக யாராவது பழி வாங்கினால் அது தனிக் குற்றம் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் பிரின்சிபால்.

சில்வண்டு முதலில் புகார் டீச்சரிடம்தான் போனாள். கெமிஸ்ட்ரி எடுப்பவர், நல்ல மாதிரி. கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாராம். “நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா பரீட்சை முடியட்டும். இப்போ கிளப்பினா உனக்குத்தான் கஷ்டம்.”

“பரீட்சை முடிஞ்சப்புறம் லேத்தைத் தொட்டு நான் என்ன கண்ணுல ஒத்திக்கவா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள் இவள்.

மூன்று பெண்களும் சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்கே போவதென்று முடிவாயிற்று. போன் செய்து கேட்டதில் அதிகாரி வெளியூர் ஆய்வில் இருப்பதாகவும், திரும்பி வந்ததும் நேரம் தருவதாகவும் சொன்னார்கள். ராத்திரி சாப்பாட்டில் இதைக் கேட்டதும் டிரைவருக்குக் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“ஏம்மா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா?”

“ஓணான் வேலியிலயா போகுது? உங்க பொண்ணு தலைமேல ஏறி உக்காந்திருக்குங்க” என்றாள் மனைவி.

“அப்பா, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நாங்க போய்ச் சொல்ற வரைக்கும் ஸ்கூலுக்குத் தெரியவே கூடாது” என்றாள் மகள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவன் முதலில் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரன் அடிக்காமல் திடுதிப்பென்று பின்னால் வந்தால் இரண்டு பக்கமும் அடி. வாழ்நாள் முழுக்க இப்படியே ஓட்டிப் பழகிய மனுஷன், விஷயம் வெளியே போகும் முன் பிரின்சிபால் காதில் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் அவர் சாரைக் கூப்பிட்டு அதட்டுவார், மகளுக்கு மெஷின் கிடைக்கும், யாருக்கும் சேதமில்லை என்று நினைத்துவிட்டார். சத்தியமாக அவர் நினைத்தது அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது கத்தித் தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். இவர் போய்த் திறந்த வாய் யாரையெல்லாம் கெடுத்தது பாருங்கள்.

பிரின்சிபால் அதிர்ந்து பேசாதவர். டிரைவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, “உக்காருங்க அண்ணே” என்றார்.

“பரவால்ல சார்.”

“அட, உக்காருங்க. நம்ம பொண்ணு அண்ணே அது. நம்ம வீட்டுப் பிரச்சினை. எங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணுச்சு பாருங்க, அதுதான் விசுவாசம்.” கொஞ்சம் நிறுத்தி, “கூட யாரு யாரு போறாங்க?” என்றார்.

டிரைவருக்குப் பிள்ளைகளைப் பெயரால் தெரியாது, ஸ்டாப்பால்தான் தெரியும். “தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்புப் பொண்ணுங்க சார். ஒண்ணு ரெட்டைப் பின்னல், ஒண்ணு கண்ணாடி போட்டிருக்கும்.”

“ரெண்டும் ஒரே ஸ்டாப்பா?”

“ஆமா சார்.”

“நல்லது” என்றார் பிரின்சிபால்.

சிரித்த முகத்தோடு வெளியே வந்த டிரைவர் மாடிப்படி இறங்கும்போதுதான் யோசித்தார். ஒரே ஸ்டாப்பாக இருந்தால் அதில் என்ன நல்லது? யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப் சார் பஸ்ஸில் ஏறும்போது, “வணக்கம் அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்றார். டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமான ஜன்னலோரத்தை விட்டுவிட்டு, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் அவர் வந்து உட்கார்ந்தார்.

அதற்கு முன்பே, வண்டி எடுக்கும்போது போக்குவரத்து மேனேஜர் வந்து சொல்லியிருந்தார். “தண்ணீர்த் தொட்டியில இனிமே நிறுத்த வேண்டாம். டீசல் சிக்கனம்.”

“புள்ளைங்க நிக்குமே சார்?”

“பெத்தவங்களுக்குச் சொல்லியாச்சு. நீங்க ஓட்டுங்க.”

சொன்னதாகத் தெரியவில்லை. மேட்டில் ஏறி வளைந்ததும் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அடியில் இரண்டு பெண்களும் பையை மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வழக்கம்போல ரெட்டைப் பின்னல் கையைத் தூக்கியது. அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

“நேரா போங்க அண்ணே” என்று காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது. அதட்டல் இல்லை, தாலாட்டுகிற குரல்.

அவர் நேரே போனார்.

“அப்பா! நிறுத்துங்க! அவங்க நிக்கிறாங்க! அப்பா!” பின் இருக்கையிலிருந்து சில்வண்டு கத்தினாள். கண்ணாடியில் அந்தப் பெண்கள் ஓடி வருவது தெரிந்தது. கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு ரோட்டு நடுவிலேயே நின்றார்கள். பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகள் இருந்தும் பள்ளி வந்து சேரும்வரை ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப் சார் மட்டும் மெல்லிசாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பள்ளி இருப்பது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில். டவுன் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மணி அடித்ததும் கேட்டை மூடுவார்கள், அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அன்று ஆப்சென்ட். அந்தப் பெண்கள் இருவருக்கும் அன்றைக்கு ஆப்சென்ட் விழுந்தது.

மறுநாள் சில்வண்டு பஸ்ஸில் ஏறவில்லை. விடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பி நடந்தே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டாள். அவர் வளைவில் திரும்பியபோது மூன்று பேர் நின்றார்கள். மற்ற இருவரும் கையைத் தூக்கினார்கள். சில்வண்டு தூக்கவில்லை. முன் கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் அவர் நேரே போனார். அடப்பாவி மனுஷா, பெற்ற பெண்ணய்யா! என்று நமக்கு வாயில் வருகிறது. அவருக்கு மட்டும் வராமலா இருந்திருக்கும்? ஆனால் இந்த வயதுக்கு மேல் வேறு எந்தப் பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கைக் கொடுக்கும்? அதோடு, இன்று நாளைக்குள் எல்லாம் சரியாகிவிடும், பிரின்சிபால் எப்படியும் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை. பயந்தவனுக்கு நப்பாசையைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அந்த நப்பாசைக்கும் அந்த வாரமே முடிவு வந்தது. பின்னாலிருந்து கணக்கு வாத்தியார் கேட்டார், “எத்தனை நாளைக்கு சார் இப்படி?”

“இந்த மாசம் இப்படியே போகட்டும். வருகைப்பதிவு குறைஞ்சா பிராக்டிகல்ல உக்கார முடியாது. மூணும் தானா ஒழியும். நாம என்ன பண்ணினோம்? பஸ்ஸு நிக்கல, அவ்வளவுதானே?”

“சார், மெதுவா. டிரைவர் இருக்காரு.”

“அண்ணனா? அண்ணன் நம்ம ஆளு” என்று ஒர்க்‌ஷாப் சார் அவர் தோளில் தட்டினார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த பஸ்ஸில் அவருக்குக் காது இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். சில்வண்டு வாயை மூடிக்கொண்டாள். பேசினால் அம்மாவிடம் மட்டும்.

“நாம போகப் போறது அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கும்மா. புகார் டீச்சர்தான் போட்டுக் கொடுத்திருக்காங்க. வேற யாருக்குத் தெரியும்? இன்னிக்கு டவுன் பஸ்ஸு கிடைச்சு நேரத்துக்குப் போயிட்டேன், தாழ்வாரத்துல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். இதுக்குத்தான் கதவைச் சாத்தினீங்களா டீச்சர்னு.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. அழுதுட்டே போயிட்டாங்க.”

“அழுவா, அழுவா. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறவ!” என்றாள் அம்மா.

டிரைவர் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை, வாய் வரைக்கும் வந்தது. தண்ணீரைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

ஒருவழியாக அதிகாரி வரச் சொன்ன நாள் வந்தது. டிரைவர் லீவு போட்டார். மகள் கூப்பிடவில்லை, அவராகத்தான் கிளம்பினார். சட்டையை மாட்டும்போது போன் அடித்தது.

“அண்ணே, லீவாமே? உடம்புக்கு என்ன?” பிரின்சிபாலின் பூப்போன்ற குரல். “ரெஸ்ட் எடுங்க. வெயில்ல எங்கேயும் அலையாதீங்க. அடுத்த மாசம் புது பஸ்ஸு வருது. அது உங்களுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க நம்ம ஆளுல்ல?”

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயைத் துடைத்துக்கொண்டு மனைவி மகளுக்குப் பின்னால் நடந்தார்.

அலுவலக அறை சின்னது. மேஜைக்கு முன்னால் மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். டிரைவரின் மனைவி ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். டிரைவர் வாசல் பக்கம் சுவரோடு சாய்ந்து நின்றார். மைக்கில் பேசிய அதே அதிகாரி அம்மாள், பெண்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். லேத்தைப் பற்றி, முடியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மெஷின் விஷயத்தை நேர்ல வந்து விசாரிக்கணும். விசாரிப்பேன், ஆனா அதுக்கு நாளாகும். உங்களுக்குப் பரீட்சை கிட்ட வந்துடுச்சு. பஸ்ஸு விஷயத்துல நாளைக்கே நான் உத்தரவு போடலாம். ஆப்சென்ட் எல்லாத்தையும் ரத்து பண்ணி, உங்க மூணு பேரையும் பரீட்சையில உக்கார வெக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு.”

“என்ன மேடம்?” என்றாள் சில்வண்டு.

“பஸ்ஸைப் பத்தி நீங்க போன்ல சொன்னதுமே உங்க பிரின்சிபால்கிட்ட பேசினேன். நான் சொல்ற வரைக்கும் இப்படி ஒரு புகாரே அவருக்குத் தெரியாதாம். ரூட்டை அதுக்கு முன்னாடியே மாத்திட்டாராம், டீசலுக்காக. தெரியாம மாத்தினா அது ரூட் மாத்தம். தெரிஞ்சே மாத்தினா அது பழிவாங்கல். அவருக்கு முன்கூட்டியே தெரியும்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்.”

“எங்க புகார் டீச்சர்தான் மேடம் சொல்லியிருப்பாங்க.”

“அவங்களையும் கேட்டேன். பயந்துபோய் யார்கிட்டயுமே வாயைத் திறக்கலைன்னாங்க. அதுக்காகவே தன்மேல வெறுப்பா இருக்குன்னு அழுதாங்க. நான் நம்புறேன். வேற யாருக்காவது தெரியுமா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “எங்க வீடுங்கள்ல பயத்துல நாங்க சொல்லவே இல்ல மேடம்” என்றாள் கண்ணாடி போட்ட பெண். “அவ வீட்டுல மட்டும்தான் தெரியும்.”

“எங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்” என்றாள் சில்வண்டு. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பத்து நாளாக அப்பாவிடம் பேசாத பெண், அவர் நிறுத்தாமல் போனதைக் கண்ணால் பார்த்த பெண், இதை மட்டும் சத்தியம் செய்கிறமாதிரி சொன்னாள். “அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.”

அதிகாரி பேனாவை மூடினார். “அப்படீன்னா இப்போதைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

சுவரோரம் நின்றவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலையும் இருக்கும், மகளுடைய அந்த நம்பிக்கையும் இருக்கும். அவளுடைய பரீட்சை மட்டும் இருக்காது.

“நான்தான் மேடம் சொன்னேன்.”

மனைவி சட்டென்று திரும்பினாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. அந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். மகள் திரும்பவில்லை. கட்டையாக வெட்டிய முடிக்குக் கீழே அவள் பிடரி மட்டும் அவருக்குத் தெரிந்தது.

“பிரின்சிபால் ரூமுக்குப் போய் நானே சொன்னேன். இந்தப் புள்ளைங்க எந்த ஸ்டாப்புன்னும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் ஸ்டாப்பை எடுத்தாங்க. எதுக்கு எடுத்தாங்கன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டதையும் கேட்டேன். எங்கே வேணா வந்து சொல்றேன்.”

அதிகாரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். “நீங்க இவங்கள்ல யாரோட அப்பா?”

அவர் வாயைத் திறந்தார்.

“அவர் எங்க ஸ்கூல் பஸ் டிரைவர் மேடம்” என்றாள் சில்வண்டு.

“ஆமா மேடம்” என்றார் அவர். “டிரைவர்தான்.”

அதிகாரி மேஜைக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் போய் உட்கார்ந்து, பிரின்சிபால் அறைக்குப் போன நாளிலிருந்து ஆரம்பித்தார். மகள் எழுந்து போய் மற்ற இரண்டு பெண்களுக்கும் பின்னால் நின்றுகொண்டு, ஆளுக்கொரு தோளில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.